மூணு ஷிப்ட் வீடும் ஒரு விலகல் கடிதமும்

1

போன அக்டோபரில் ஒரு சனிக்கிழமை. காலை வேலை முடிந்து மூன்று மணிக்கு வீடு திரும்பியபோது தபால் பெட்டியில் ஒரே ஒரு கடிதம் கிடந்தது. உறையின் மேல் "ஃப்ராவ் சேவியர்" என்று அச்சிட்டிருந்தது. ஜெர்மனியில் பெண்களின் பெயருக்கு முன்னால் மரியாதையாகப் போடும் சொல் அது.

இந்த ஊரில் என் பெயர் ஃப்ராவ் அந்தோணி. அந்தோணி என் அப்பா. கெலமங்கலம் சந்தையில் மூட்டை தூக்கியவர். கிருஷ்ணகிரியில் பாஸ்போர்ட்டுக்கு எழுதிக் கொடுத்தபோது இனிஷியலை விரித்து எழுதச் சொன்னார்கள். அது இங்கே வந்ததும் குடும்பப் பெயராகிவிட்டது. ஒன்பது வருடமாக நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில், செத்துப்போன என் அப்பாவின் பெயரைச் சொல்லித்தான் என்னைக் கூப்பிடுகிறார்கள். ஜெசிந்தா என்று கூப்பிடுவது என் கணவர் ஒருவர்தான். அவர் பெயர் சேவியர். சில அலுவலகங்கள் குழம்பிப்போய் அவர் பெயரை எனக்குப் போட்டு அனுப்பும். இதுவும் அப்படித்தான் என்று நினைத்து உறையைப் பிரித்தேன்.

எங்கள் பங்குக் கோயிலிலிருந்து வந்த கடிதம். முதல் வரியிலேயே 'ஆவுஸ்ட்ரிட்' என்று ஒரு சொல். அது எனக்கு நன்றாகத் தெரிந்த சொல். காயத்துக்குக் கட்டுப் போட்டபின் கணினியில் எழுதுவோம்: ரத்தக் கசிவு இல்லை, நீர்க்கசிவு லேசாக உண்டு. அந்தக் கசிவுக்குத்தான் ஆவுஸ்ட்ரிட் என்று எழுதுவோம். கோயிலில் ஏதோ குழாய் உடைந்து ஒழுகுகிறது போல, பழுது பார்க்க உதவி கேட்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டே அடுப்பில் தண்ணீர் வைத்தேன்.

இரண்டாவது தடவை படித்தபோதுதான் உள்ளே "அன்புள்ள அமலா" என்று இருந்ததைக் கவனித்தேன். அமலா என் மகள். பதினைந்து வயது. அப்பா பெயர்தான் இங்கே அவளுக்குக் குடும்பப் பெயர். "நீங்கள் திருச்சபையிலிருந்து விலகியதாகப் பதிவு அலுவலகம் எங்களுக்குத் தெரிவித்துள்ளது. உங்கள் முடிவை மதிக்கிறோம். வருத்தமும் படுகிறோம். கதவு எப்போதும் திறந்தே இருக்கும்." கீழே பங்குத் தந்தையின் கையெழுத்து.

அந்தச் சொல்லுக்கு விலகல் என்றும் பொருள் உண்டாம். அகராதியில் பார்த்தேன்.

ஊரில் இருப்பவர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். இங்கே ஒருவர் எந்தச் சபையைச் சேர்ந்தவர் என்பது அரசாங்கப் பதிவில் இருக்கும். விலக வேண்டுமானால் சாமியாரிடம் போக வேண்டியதில்லை. அலுவலகத்தில் நேரம் வாங்கி, அடையாள அட்டையைக் காட்டி, ஒரு தாளில் கையெழுத்துப் போட்டால் முடிந்தது. பதினான்கு வயது நிரம்பினால் பிள்ளைகள் தாங்களே போய்ப் போடலாம். அப்பா அம்மா சம்மதம் தேவையில்லை.

நான் வேலையில் இருந்த ஏதோ ஒரு நாள், பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் அவள் போயிருக்கிறாள். தண்ணீர் கொதித்து வற்றி, பாத்திரம் கரிந்த வாசனை வந்த பிறகுதான் எழுந்து அடுப்பை அணைத்தேன்.

2

ஓசூரில் பாகலூர் ரோட்டை ஒட்டி ஒரு சந்துக்குள் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒரு ஷெட், அதை ஒட்டி இரண்டு அறை, ஒரு முன்கூடம். தெருக்காரர்கள் அதற்கு வைத்த பெயர் மூணு ஷிப்ட் வீடு. காலை ஆறு மணிக்குச் செபம். எட்டிலிருந்து ஐந்து வரை வேலை. ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன் ஏழிலிருந்து எட்டு வரை படிப்பு. கம்பெனிகளில் ஷிப்ட் மாறினால் ஆள் மாறும். இங்கே மூன்றுக்கும் அதே ஆட்கள்.

அதை ஆரம்பித்தவர்கள் ஆரோக்கியம் அண்ணனும் அவர் மனைவி தெரசா அக்காவும். அண்ணன் ஒரு கம்பெனியில் டூல்ரூமில் இருந்தவர். ஏன் விட்டீர்கள் என்று யாராவது கேட்டால், "கையி மட்டும் உள்ள போயி வேலை செய்யுது. மனசு கேட்டுக்கு வெளிய நிக்குது. எத்தினி வருசத்துக்கு அப்படியே விட்டுவெக்கறது?" என்பார். ஷெட்டில் ஒரு லேத்தும் ஒரு துளை போடும் இயந்திரமும் இருந்தன. கம்பெனிகளுக்குச் சின்னச் சின்ன பாகங்கள் கடைந்து கொடுத்தார்கள். முன்கூடத்தில் அக்காவுக்கு மூன்று தையல் மிஷின்.

எனக்கு அப்போது பத்தொன்பது வயது. பன்னிரண்டாவது முடித்துவிட்டு, ஒரு கம்பெனியில் காண்ட்ராக்டில் ஒயர் பொருத்தும் வேலை. ஒரே அறையில் பன்னிரண்டு பெண்கள் படுத்திருந்தோம். ஞாயிற்றுக்கிழமையும் ஓவர்டைம் இருந்ததால் பூசைக்குப் போயே பல மாதம் ஆகியிருந்தது. யூனிபார்ம் பேண்டைப் பிடித்துத் தைக்கக் கொடுக்க ஒரு நாள் சாயங்காலம் அங்கே போனேன்.

"உக்காருமா, இன்னும் ரெண்டு தையல்தான்," என்றார் அக்கா. "அதுக்குள்ளாற படிப்பு ஆரம்பிச்சிரும். கேட்டுக்கிட்டே இரு. புடிக்கலைன்னா காதப் பொத்திக்க."

அன்றைக்குப் படித்தது வேதாகமம் இல்லை. ஈ.எஸ்.ஐ. பாரம். ஒரு பெண்ணின் விரல் பிரஸ்ஸில் மாட்டியிருந்தது. யாரிடம் போய் என்ன எழுதிக் கொடுப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. எட்டுப் பேர் அந்தப் பாரத்தைச் சுற்றி உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகப் படித்தார்கள். அத்திப்பள்ளிப் பக்கத்திலிருந்து வந்த பிலோமினாக்கா கன்னடத்தில் விளக்கினார். பக்கத்து வீட்டு சரஸ்வதியம்மா தெலுங்கில் சந்தேகம் கேட்டார். அவர் இந்து. "எங்க சாமி வேற, உங்க சாமி வேற. இந்தப் பாரம் எல்லாச் சாமிக்கும் ஒண்ணுதானுங்களே," என்று சொல்லிச் சிரித்தார். மறுநாள் அதே இடத்தில் தொழிலாளர்களைப் பற்றித் திருச்சபை எழுதிய சுற்றுமடல் ஒன்றைப் படித்தார்கள். அதற்கு மறுநாள் நற்செய்தி. மூன்றையும் ஒரே மாதிரிதான் படித்தார்கள், விரலை வைத்து, வரி வரியாக, புரியாத இடத்தில் நிறுத்தி.

பேண்டை வாங்கப் போனவள் மூன்றாவது மாதம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அங்கேயே போய்விட்டேன்.

பிறகு கிருஷ்ணகிரியில் நர்சிங் சேர்ந்தேன். தினமும் பஸ்ஸில் போய் வருவேன். பாடமெல்லாம் ஆங்கிலத்தில். எலும்புகளின் பெயரைப் பார்த்ததும் அழுகை வந்தது. "இவளுக்கு வரலைன்னா நம்ம எல்லாருமே படிப்போம்," என்று அக்கா சொல்ல, ஒரு மாதம் முழுக்க ஏழு மணிப் படிப்பு எலும்புப் படிப்பாகிவிட்டது. தையல்காரப் பெண்கள் இடுப்பெலும்பின் பெயரைச் சொல்லிக்கொண்டே காஜா எடுத்தார்கள். லேத்தில் நின்ற ஒருவர் மட்டும் தப்புத் தப்பாகச் சொல்வார். ஆனால் தொடை எலும்பு இடுப்பில் உட்காரும் விதத்தைக் கம்பெனி டிராயிங் மாதிரி துல்லியமாக வரைந்து காட்டினார். "இது பால் ஜாயின்ட்டுங்க. இதுக்கு ஆயில் எங்கிருந்து வருது?" என்று கேட்டார். அவர்தான் சேவியர். எங்கள் கல்யாணச் சாப்பாடு அந்த ஷெட்டில்தான் நடந்தது. லேத்தின் மேல் வெள்ளை வேட்டி போர்த்தியிருந்தார்கள். அமலாவுக்கு ஞானஸ்நானம் கொடுத்தபோது அண்ணனும் அக்காவும்தான் ஞானப்பெற்றோர்.

எல்லாம் அழகாக இருந்தது என்று சொன்னால் பொய். சண்டை இருந்தது. ஒரு தடவை ஒரு கம்பெனி திங்கட்கிழமை காலைக்குள் பாகம் வேண்டும் என்றது. ஞாயிற்றுக்கிழமை லேத்தை ஓட்டலாம் என்று சேவியரும் மற்றவர்களும் சொன்னார்கள். அண்ணனும் இளகிவிட்டார். அக்கா பூசை முடிந்து வந்ததும் ஃப்யூஸைப் பிடுங்கி முந்தானையில் முடிந்துகொண்டார். "நாளைக்குக் காலைல தரேன்," என்றார். அந்த ஆர்டர் கைவிட்டுப் போனது. மூன்று நாள் யாரும் யாரிடமும் பேசவில்லை. ஆனால் காலை ஆறு மணிக்கு எல்லோரும் வந்து உட்கார்ந்தோம். முகத்தைத் திருப்பிக்கொண்டே ஆளுக்கு ஒரு வரியாகத் திருப்பாடல் சொன்னோம்.

3

ஜெர்மனிக்கு நர்ஸ்களை எடுக்கிறார்கள் என்று ஆஸ்பத்திரியில் பேச்சு வந்தபோது மூன்று வருடம் என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்பினோம். நான் திரும்பி வந்ததும் ஷெட்டுக்குப் பக்கத்தில் ஒரு அறை போட்டு, கம்பெனிப் பெண்களுக்கு ரத்த அழுத்தம் பார்ப்பதும் காயத்துக்குக் கட்டுப் போடுவதும் என்று பேச்சு. அந்த வீட்டைவிட்டு முதலில் கிளம்பியவர்கள் நாங்கள். எங்களுக்குப் பிறகு ஒவ்வொருவராகப் போனார்கள். பெங்களூருக்கு, துபாய்க்கு, கல்யாணமாகி வேறு ஊருக்கு. முதலில் போனவர்கள் போகாமல் இருந்திருந்தால் மற்றவர்கள் இருந்திருப்பார்களா? தெரியாது. கேட்டுப் பார்க்க முடியாத கேள்வி.

வந்த புதிதில் வேலை முடிந்து கிளம்பும்போது ஒருவருக்கொருவர் "நல்ல ஃபையராபென்ட்" என்று சொல்லிக்கொள்வார்கள். ஃபையர் என்றால் கொண்டாட்டம், ஆபென்ட் என்றால் மாலை. அது வகுப்பில் படித்தது. எனக்கு ஒரே சந்தோஷம். இங்கேயும் வேலை முடிந்ததும் கோயிலில் ஏதோ மாலை ஆராதனை இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். உடன் வேலை செய்யும் சபீனாவிடம், "இன்றைக்கு எந்தப் புனிதருடைய திருவிழா?" என்று கேட்டேன். அவள் என்னைப் பார்த்தாள். பிறகு கண்ணில் நீர் வரச் சிரித்தாள். வேலை முடிந்தது, இனி உன் நேரம் உனக்கு என்பதற்குத்தான் அந்தச் சொல். அதற்கப்புறம் யாரும் யாரோடும் எங்கும் போவதில்லை. அவரவர் சைக்கிள், அவரவர் வீடு.

முதியோர் இல்லத்தில் ஒரு பாட்டி இருந்தார். தொண்ணூற்றிரண்டு வயது. மாலையில் கால் கழுவிவிடும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு கர்த்தர் கற்பித்த செபத்தை ஆரம்பிப்பார். பாதியில் மறந்துவிடும். மீதியை நான் சொல்லிக் கொடுப்பேன், முதலில் தமிழில், பிறகு அதற்காகவே கற்றுக்கொண்டு ஜெர்மனில். சில நிமிடம் கூடுதலாகும். பொறுப்பாளர் கூப்பிட்டுக் கேட்டார். கோபமாக இல்லை, நிஜமான குழப்பத்தோடு. "ஃப்ராவ் அந்தோணி, இந்த நேரத்தை எந்தக் கட்டத்தில் எழுதுவது?" கணினியில் குளிப்பாட்டுவதற்குக் கட்டம் உண்டு, மருந்துக்கு உண்டு, நடப்பதற்கு உண்டு. செபத்துக்கு இல்லை. இருவரும் திரையை மேலும் கீழும் நகர்த்திப் பார்த்தோம். கடைசியில் 'உரையாடல்' என்று எழுதினோம்.

ஓசூர் வீட்டோடு எங்களுக்கு மிச்சமிருந்தது ஞாயிற்றுக்கிழமை மட்டும். அங்கே மாலை ஏழு மணிப் படிப்பு ஆரம்பிக்கும்போது அக்கா தொலைபேசியைத் தையல் மிஷின் மேல் சாய்த்து வைப்பார். இங்கே எங்களுக்கு மதியம். நாங்கள் மூவரும் சமையலறை மேசையில் உட்கார்ந்து அங்கே படிப்பதைக் கேட்போம், கூடச் செபிப்போம். முதலில் அமலா என் மடியில் உட்கார்ந்திருந்தாள். பிறகு பக்கத்து நாற்காலியில். பிறகு கதவுக்குப் பக்கத்தில். எப்போது எழுந்து போனாள் என்பதை நான் கவனிக்கவில்லை.

4

அன்றைக்கு நாலரை மணிக்கு அமலா வந்தாள். கடிதம் மேசைமேல் இருந்தது.

"அது என் லெட்டர்," என்றாள். "நீ ஏன் திறந்த?"

"அப்பா பேரு இருந்துச்சு. எனக்குத்தான்னு நெனச்சேன்."

அவள் உறையைத் திருப்பிப் பார்த்தாள். ஃப்ராவ் என்று அவளுக்கு வந்த முதல் கடிதம் அதுவாகத்தான் இருக்கும்.

நான் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலாம் என்று பிறகு தோன்றியது. "யாராச்சும் எதாவது சொன்னாங்களா? ஸ்கூல்ல கேலி பண்ணாங்களா?" என்று கேட்டேன்.

"யாரும் ஒண்ணும் சொல்லல." அவள் தமிழில் பேசும்போது ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைப்பாள். ஞானஸ்நானத்தில் பெற்ற விசுவாசத்தைப் பிள்ளைகள் இந்த வயதில் தாங்களே உறுதி செய்யும் சடங்குக்கு அவள் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தாள். "உறுதிபூசுதல் வகுப்புல சொன்னாங்க, நல்லா யோசிங்க, உண்மையா வேணுமான்னு முடிவு பண்ணுங்கன்னு. நான் யோசிச்சேன். மத்தவங்க பரிசு வரும்னு வாங்கிக்கறாங்க. எனக்கு அப்படிப் பொய் சொல்ல முடியாது."

"எங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே."

"எப்ப?"

சேவியர் இரும்புத் தொழிற்சாலையில் ஷிப்ட். நான் முதியோர் இல்லத்தில் ஷிப்ட். வாரக் கணக்கில் மூன்று பேரும் ஒரு வேளை சேர்ந்து சாப்பிட்டதில்லை.

"அம்மா, நீ எப்பவும் அந்த வீட்டப் பத்திச் சொல்லுவ," என்றாள். "நல்லாருக்கும் கேக்க. ஆனா அங்க எல்லாரும் சேந்து செஞ்சாங்க. இங்க என்ன இருக்கு? நீ வேலை செய்யற. நான் படிக்கறேன். போன்ல அவங்க செபிக்கறாங்க. நான் எதுல இருந்து விலகினேன் சொல்லு?"

கோபத்தில் சொல்லவில்லை. கணக்குப் பாடத்தில் சந்தேகம் கேட்பது போல், பதில் வரும் என்று காத்திருந்தாள். அதுதான் தாங்க முடியவில்லை.

அவளுக்குச் சொல்ல எனக்குள் நிறைய இருந்தது. ஆனால் அவளுக்குப் புரிகிற தமிழ் அதற்குப் போதாது, எனக்குத் தெரிந்த ஜெர்மன் அதற்குப் போதாது. புண்ணைப் பற்றி எழுதவும் மருந்தின் அளவைச் சொல்லவும் பழகிய ஜெர்மன் அது. பாகலூர் ரோட்டில் மூன்று பாஷையில் செபமாலை சொன்னோம். ஒருவர் கன்னடத்தில் ஆரம்பிப்பார், மற்றவர்கள் தமிழில் முடிப்போம், யாருக்கும் ஒன்றும் தடைபடவில்லை. இங்கே ஒரு தாய்க்கும் மகளுக்கும் நடுவில் இந்த ஒரு விஷயத்துக்குப் பாஷை இல்லை.

"சாப்பிடறியா?" என்று மட்டும் கேட்டேன்.

சேவியர் வந்ததும் கடிதத்தைக் கொடுத்தேன். நின்றபடியே படித்தார். மடித்து உறைக்குள் வைத்தார். "அண்ணனுக்கும் அக்காவுக்கும் என்னன்னு சொல்றது?" என்றார். மகளிடம் அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. இன்றுவரை.

5

மறுநாள் ஞாயிறு. சொல்லிவிடுவது என்று தீர்மானித்துத்தான் தொலைபேசியை எடுத்தேன். அங்கே அண்ணனும் அக்காவும் மட்டும் இருந்தார்கள். கொஞ்ச நாளாகவே அப்படித்தான். புத்தகம் எதையும் காணோம்.

"ஜெசி, ஒண்ணு சொல்றேன், பதறாத," என்றார் அண்ணன். "முனிராஜ் வந்திருந்தாரு." முனிராஜ் அந்த இடத்துக்குச் சொந்தக்காரர். பாகலூரில் விவசாயம் செய்கிறவர். இருபத்தைந்து வருடத்தில் ஒரு நாள் கூடக் கடுமையாகப் பேசியதில்லை. "என் கையப் புடிச்சிக்கிட்டாரு. பசங்க கேக்கறாங்களாம். நம்ம எடத்துல, கம்பெனிக்குப் போற பொண்ணுங்களுக்கு மூணு மாடிக்கு ஹாஸ்டல் கட்டறாங்களாம். நவம்பர் கடைசிக்குள்ள காலி பண்ணணுமாம்."

"நீங்க என்னாண்ணா சொன்னீங்க?"

"என்னாத்த சொல்றது? அவரு எடம்."

அக்கா இடையில் புகுந்தார். "நல்ல காரியந்தானேம்மா. அன்னிக்கு நீ ஒரு ரூம்புல பன்னண்டு பேரா படுத்துக் கெடந்தியே. அதுங்களாவது காலு நீட்டிப் படுக்கட்டும்." சொல்லிவிட்டுத் தொலைபேசியிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

போச்சம்பள்ளியில் அண்ணனுடைய தம்பி மகன் இருக்கிறான், அவன் வீட்டு மாடியில் ஒரு அறை இருக்கிறது, அங்கே போவதாக ஏற்பாடு. லேத்தை யாரோ வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

"எம் பொண்ணு எங்க? காணோம்?" என்று கேட்டார் அக்கா. அமலாவை அவர் அப்படித்தான் சொல்வார்.

"தூங்கறாக்கா. பரிச்சைக்குப் படிச்சிட்டு அசந்துட்டா."

பக்கத்து அறையில் அவள் விழித்துக்கொண்டுதான் இருந்தாள். நான் சொன்னது அவளுக்குக் கேட்டிருக்கும். பொய் சொல்ல முடியாது என்று விலகியவளுக்காக நான் பொய் சொன்னேன்.

6

நவம்பர் கடைசிக்குள் ஒரு தடவை போய் வந்துவிட வேண்டும் என்று துடித்தேன். பாஸ்போர்ட் புதுப்பிக்கத் தூதரகத்தில் கிடந்தது. அங்கே கேட்டால், அனுப்பி வைப்போம், காத்திருங்கள் என்றார்கள். அது வந்தாலும் வசிப்பு அட்டையில் புதிய எண்ணைப் பதிய வேண்டும். அதற்கு வெளிநாட்டவர் அலுவலகத்தில் நேரம் வாங்க வேண்டும். நேராகப் போய் நின்றேன். சன்னலுக்குப் பின்னால் இருந்த பெண் பொறுமையாகக் கேட்டாள். யார் இறந்துவிட்டார்கள் என்றாள். யாரும் இறக்கவில்லை என்றேன். நெருங்கிய உறவில் கல்யாணமா என்றாள். இல்லை, ஒரு வீட்டைக் காலி செய்கிறார்கள் என்றேன். உங்கள் வீடா? இல்லை. பெற்றோர் வீடா? இல்லை. அவளால் அதற்கு மேல் எந்தப் பொத்தானையும் அழுத்த முடியவில்லை. ஜனவரியில்தான் நேரம் இருக்கிறது என்று ஒரு சீட்டைக் கொடுத்தாள். இல்லத்திலும் விடுமுறைப் பட்டியல் போன வருடமே போட்டாகிவிட்டது.

கடைசி ஞாயிறும் வந்தது. பிலோமினாக்கா பெங்களூரிலிருந்து வந்திருந்தார். சரஸ்வதியம்மா வந்திருந்தார். பழைய ஆட்கள் சிலர் வெவ்வேறு ஊர்களிலிருந்து தொலைபேசியில் இருந்தார்கள். "ஊட்ட ஆயித்தா, ஜெசி?" என்று பிலோமினாக்கா சாப்பாட்டை விசாரித்தார். தையல் மிஷின்களை ஏற்கனவே எடுத்துப்போய்விட்டதால், தொலைபேசியை யார் கையில் பிடிப்பது என்று சிரிப்பும் குழப்பமுமாக இருந்தது.

ஆளுக்கு ஒரு திருப்பாடல் வாசிப்பது என்று அக்கா பிரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். அப்போது அமலா சமையலறைக்குள் வந்தாள். நான் கூப்பிடவில்லை. நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அய்யோ, எம் பொண்ணு!" என்று அக்கா குரல் உயர்ந்தது. "எத்தினி நாளாச்சு! எப்படி வளந்துட்டா பாருங்க. கண்ணு, ஒரு பாட்டு நீ வாசிடா. தமிழ் வரலன்னாலும் பரவால்ல, உங்க ஊரு பாஷைல வாசி."

நான் அவள் கையைப் பிடித்தேன். அவள் கையை உருவிக்கொள்ளவில்லை.

"பெரியம்மா, நான் சபையவிட்டு விலகிட்டேன்," என்றாள். "ஆபீஸ்ல போய் எழுதிக் கொடுத்துட்டேன். எனக்கு நம்பிக்கை வரல. நம்பாம வாசிச்சா அது பொய் இல்லையா?"

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். சேவியர் எழுந்து பால்கனிக்குப் போய்விட்டார். அக்கா திரையை உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தார். படம் நின்றுவிட்டதோ என்று நினைத்தேன்.

"ஆமாம்மா," என்றார் கடைசியில். "பொய்தான்."

"கோவமா?"

"கோவமில்ல கண்ணு. எனக்கு ஒண்ணும் சொல்லத் தெரியல." முகத்தைத் திரைக்கு இன்னும் கிட்டே கொண்டுவந்தார். "வாசிக்க வேணாம். சும்மா கூட உக்காந்திரு. அதுக்கு யாருகிட்டயும் எழுதிக் குடுக்க வேணாம் இல்ல?"

அமலா உட்கார்ந்தாள். முக்கால் மணி நேரம். சிலுவை அடையாளம் போடவில்லை, வாய் அசைக்கவில்லை. தொலைபேசியையும் நோண்டவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு அங்கே வாசிப்பவர்களின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குக் கொடுத்த பாட்டை நான் வாசித்தேன். நடுவில் ஒரு வரியில் நின்றுவிட்டபோது பிலோமினாக்கா கன்னடத்தில் மீதியைச் சொல்லி முடித்தார்.

முடிந்ததும் அண்ணன் தொலைபேசியை எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குள் நடந்தார். லேத் போய்விட்டிருந்தது. அது நின்ற இடத்தில் சிமெண்டுத் தரை எண்ணெய் ஊறிக் கறுப்பாக, சுற்றிலும் வெளுப்பாக. நாலு போல்ட் ஓட்டை. "எவ்வளவு சோப்புப் போட்டுத் தேச்சாலும் போவல," என்றார். "இடிக்கப் போற எடத்த எதுக்குத் தேய்க்கறீங்கன்னு முனிராஜ் கேக்கறாரு." இணைப்பைத் துண்டித்துவிட்டார்.

7

அண்ணன் இப்போது போச்சம்பள்ளி சிப்காட்டில் ஒரு கம்பெனி வாசலில் செக்யூரிட்டி. அறுபத்தெட்டு வயதில் பன்னிரண்டு மணி நேரம் நிற்கிறார். சும்மா உட்கார்ந்து சாப்பிட மனசு வரவில்லை என்கிறார். விடுமுறை சுழன்று சுழன்று வருகிறது. ஞாயிற்றுக்கிழமையில் வந்து விழுவது அபூர்வம். எந்தக் கேட்டுக்கு வெளியே மனசு நிற்கிறது என்று சொன்னாரோ, அப்படிப்பட்ட ஒரு கேட்டைத்தான் திறந்து மூடுகிறார். இதை அவரிடம் நான் சொன்னதில்லை. அவருக்குத் தெரியாமலா இருக்கும்?

அக்கா மாடி அறையில் தனியாக இருக்கிறார். கோயிலுக்குப் பஸ் மாறிப் போக வேண்டும், முழங்கால் வலி. அந்த வீட்டு மனிதர்கள் நல்லவர்கள், ஆனால் காலை ஆறு மணிக்குக் கம்பெனி பஸ்ஸுக்கு ஓடுகிறவர்கள். "செபமாலைக்கு மறுபாதி சொல்ல ஆளில்லம்மா," என்றார் ஒரு நாள். "முன்பாதியும் நானே சொல்லி, பின்பாதியும் நானே சொல்லிக்கறேன். மொதல்ல சிரிப்பா வந்துது. இப்ப பழகிப்போச்சு."

மறுபாதியை நான் தொலைபேசியில் சொல்கிறேன் என்றேன். இரண்டு வாரம் முயன்றோம். அவருக்கு வசதியான நேரம் எனக்கு மருந்து கொடுக்கும் நேரம். என் இடைவேளை நேரத்தில் அவர் வீட்டில் டிவி ஓடும். ஒரு கையில் மாத்திரைத் தட்டோடு, காதில் மாட்டியிருந்த கருவியில் பாதி செபத்தை முணுமுணுத்தேன். அக்காவே நிறுத்தச் சொல்லிவிட்டார். "வேணாம் ஜெசி. யாருக்காச்சும் மாத்திர மாத்திக் குடுத்துடப் போற."

ஜனவரியில் வெளிநாட்டவர் அலுவலகத்தில் என் வேலை பத்து நிமிடத்தில் முடிந்தது. இனி தாராளமாகப் பயணம் செய்யலாம் என்று அந்தப் பெண் சிரித்த முகத்தோடு சொன்னாள். நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

எனக்கு ஓய்வு கிடைக்கும் ஞாயிறுகளில் காலைப் பூசைக்குப் போகிறேன். சேவியருக்குப் பெரும்பாலும் ஷிப்ட். போன மாதம் பனி உறைந்த பாதையில் வழுக்கி விழுந்து எனக்கு மணிக்கட்டில் அடிபட்டது. அதற்கு அடுத்த ஞாயிறு நான் கோட்டை மாட்டிக்கொண்டிருந்தபோது அமலா ஏற்கனவே பூட்ஸ் போட்டுக் கதவருகில் நின்றிருந்தாள். என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். அன்றிலிருந்து அப்படித்தான். வழியில் அவள் பள்ளிக்கூடத்துக் கதை சொல்கிறாள், பாதி தமிழில், பாதி அவள் பாஷையில். பாதி எனக்குப் புரிகிறது. பனி இருக்கும் இடமெல்லாம் பிடியை இறுக்குகிறாள். கோயில் வாசலில் ஐந்து படி. அதில் உப்பும் மணலும் தூவியிருப்பார்கள், வழுக்காது.

அந்தப் படி வரைக்கும் என் கையை அவள் விடுவதில்லை. படியில் விட்டுவிடுகிறாள்.